பதினேழாம் தேதிப் பக்கம்

அக்டோபர் 9, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். பதவியின் பெயர் இளநிலைக் கால்நடைத் தொழில்நுட்ப உதவியாளர். அடையாள அட்டையில் அது இரண்டு வரியாக மடங்கி நிற்கிறது. செய்ய வேண்டியது கூண்டு கழுவுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, எடை பார்ப்பது, பார்த்ததை எழுதுவது.

மனிதவளப் பிரிவுக்காரர் என் வயதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு. விண்ணப்பத்தில் விலங்கியல் இளநிலைப் பட்டம் மட்டும் போட்டிருந்தேன். முதுநிலையையும் அதற்கு மேல் நடந்ததையும் விட்டுவிட்டேன். இத்தனை நாள் டியூஷன் நடத்திவிட்டு ஏன் இந்த வேலை என்று கேட்டார். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், கூடுவாஞ்சேரியில் ஏறினால் நேர் பேருந்து என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 11, புதன்

எனக்கு வேலை பழக்குகிறவள் நூர்ஜஹான். முப்பத்திரண்டு வயது, இங்கே ஆறு வருடம். கினிப்பன்றியைத் தூக்குவது எப்படி என்று காட்டினாள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். தாங்காமல் தூக்கினால் உதறும், முதுகெலும்பு போய்விடும். எனக்கு இது தெரியும். தெரியாதவள்போலக் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் அறையில் அறுபத்து நான்கு கினிப்பன்றிகள். தோல் ஒவ்வாமைச் சோதனைக்கு வளர்ப்பவை, பாதி சினை. வராந்தாவில் தள்ளுவண்டிச் சக்கரம் உருண்டாலே எல்லாம் சேர்ந்து விசிலடிக்கின்றன. தீவனம் வருகிறது என்று நினைக்குமாம்.

மாலையில் இயக்குநர் டாக்டர் தனசேகரன் சுற்றிப் பார்க்க வந்தார். நாளிதழில் வந்த படத்தில் இருந்ததைவிடப் பருமன். முடிக்குச் சாயம். நாங்கள் எல்லோரும் தொப்பி, முகக்கவசத்தோடு இருந்தோம். என்னைப் பார்த்தார். "ஏம்மா, புதுசா? ஸ்மெல் வருது பாருங்க, கொஞ்சம் நல்லா தேய்ங்க" என்றார். நன்றாகத் தேய்த்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

மூன்றாம் அறையில் ஈரப்பதம் 68. எழுதினேன்.

நவம்பர் 10, வெள்ளி

ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு அட்டையில் தினப் பக்கம் செருகியிருக்கும். வெப்பம், ஈரப்பதம், தண்ணீர், தீவனம், விலங்குகளின் உடல்நிலை. அடியில் மருத்துவர் அன்றைக்கே நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், விடுமுறை நாளிலும். இந்த நிறுவனத்தில் மருத்துவர் என்றால் இயக்குநர்தான்.

இன்று தீபாவளி விடுமுறைக்கான பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். நாளை, ஞாயிறு, திங்கள், மூன்றும் நிரப்பப்பட்டிருந்தன. 22 டிகிரி, 55 விழுக்காடு, நலம், கையெழுத்து. நாளை என்பது இன்னும் வரவில்லை.

நூர்ஜஹானிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். சார் எப்போதும் இப்படித்தானாம். விடுமுறைக்கு முதல் நாளே போட்டுவிட்டுப் போய்விடுவார். யாராவது ஒருவர் வந்து தண்ணீர் தீவனம் பார்த்துவிடுவதால் இதுவரை ஒன்றும் ஆனதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் வருவாள், ரம்ஜானுக்கு மற்றவர்கள் அவள் முறையை எடுத்துக்கொள்வார்கள். அது இவர்களுக்குள் பேசிவைத்த வழக்கம்.

ஆக, அவர் கையெழுத்தை இத்தனை வருடமும் மெய்யாக்கி வந்தவள் இவள்.

நவம்பர் 13, திங்கள். விடுமுறை.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் ரவி இறந்து நாலு வருடம், மகள் பெங்களூரில். எழுதலாம் என்று தோன்றுகிறது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். மாணவி. அதே ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவன் தனசேகரன். தனா என்போம். எங்கள் பேராசிரியருக்கு நாற்பத்திரண்டு வெள்ளெலிகள் இருந்தன, ஏழு மாத வேலை. விடுமுறையில் தண்ணீர் வைக்க முறை போடுவார்கள். அந்தத் தீபாவளிக்கு முறை என்னுடையது. "நீ ஊருக்குப் போ திலகா, நான் இங்கதான் இருக்கப்போறேன், பாத்துக்கறேன்" என்றான். அக்காவுக்குத் தலைதீபாவளி. திருக்கோவிலூருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். நோட்டில் பெயரை மாற்றவில்லை. வாய்வார்த்தை போதும் என்று நினைக்கிற வயது.

திரும்பி வந்தபோது முப்பத்தொன்று செத்திருந்தன. மீதியில் சில, செத்ததைத் தின்றிருந்தன.

அவன் ஊரிலேயே இல்லை. பேராசிரியர் முன்னால் நின்று, "திலகா வரலைங்கறதே எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சிருந்தா நானாவது போயிருப்பேன்" என்றான். குரல்கூட உடைந்தது. நோட்டில் என் பெயர் இருந்தது. அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். என் பதிவு ரத்தானது. முப்பத்தொன்று என் கணக்கில் ஏறியது. பின்னாளில் அவன் வேறு இடத்தில் கால்நடை மருத்துவம் படித்து முடித்தான் என்று கேள்வி.

யாராவது இதைப் படித்தால், நான் பழிவாங்கத்தான் இங்கே சேர்ந்தேன் என்று நினைப்பார்கள். பேருந்து வசதிதான் காரணம்.

டிசம்பர் 6, புதன்

மின்சாரம் போய் வந்தால் நான்காம் அறையின் குளிர்சாதனம் தானாக ஓடுவதில்லை. யாராவது பின்பக்கம் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. அறுபத்து நான்கு உடம்புகளின் சூடு ஒரு மணி நேரத்தில் தெரியத் தொடங்குகிறது. இன்று அழுத்துவதற்குள் 28 ஆகிவிட்டது. கினிப்பன்றிக்கு 30க்கு மேல் ஆகாது.

பழுது பார்க்கக் கோரி எழுதியிருக்கும் மூன்று சீட்டுகளும் இயக்குநர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கின்றன. அவன் கையெழுத்துத் தேவைப்படாத இடத்தில் போடுகிறான், தேவைப்படும் இடத்தில் போடுவதில்லை.

இந்தக் குறிப்பேட்டில் இயக்குநர் என்று வரும் இடங்களில் அவனை இதுவரை 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். இனி வேண்டாம்.

டிசம்பர் 19, செவ்வாய்

எடை பார்த்தேன். அறுபத்து நான்கும் கூடியிருக்கின்றன. 4-17 கூண்டுக்காரி நாலு குட்டி போட்டிருக்கிறாள். பிறந்த அன்றே கண்ணைத் திறந்துகொண்டு ஓடுகின்றன. எலிக்குஞ்சுபோல இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு வருகின்றன.

ஜனவரி 5, வெள்ளி

நூர்ஜஹானின் தங்கைக்கு ஆம்பூரில் நிக்காஹ், பொங்கலன்று. அவனிடம் போய் விடுப்புக் கேட்டிருக்கிறாள். "தாராளமா போய்ட்டு வாங்க, பொங்கலுக்கு நான் பாத்துக்கறேன்" என்று சொன்னானாம். சந்தோஷமாக வந்து சொன்னாள். சுவரில் ஒட்டிய விடுமுறை அட்டவணையில் பதினாலு முதல் பதினேழு வரை அவள் பெயர்தான் அச்சாகியிருக்கிறது, வருடா வருடம் போல.

எழுத்தில் வாங்கிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் புடவைக் கலரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். சொல்லவில்லை.

ஜனவரி 13, சனி

மாலை நாலரைக்கு நான்காம் அறைக்கு வந்தான். நான் தொட்டியில் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பது அவனுக்குப் பொருட்டில்லை. நாலு பக்கங்களை அட்டையில் செருகினான். 14, 15, 16, 17. நின்றபடியே நிரப்பினான். நாலுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். 22, 55, நலம். 22, 55, நலம். பதினாறாம் தேதிக்கு மட்டும் 21 போட்டான். கலை உணர்வு.

"ஏம்மா, நாலு நாள் யாரும் வர வேணாம், ஹாலிடே என்ஜாய் பண்ணுங்க" என்றான்.

"நீங்க வருவீங்களா சார்" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கறேன்."

அவன் வீடு அண்ணா நகரில். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

போகும் முன் எல்லாப் புட்டிகளையும் கழுத்துவரை நிரப்பினேன். இரண்டு நாள் வரும். குழாயைக் கடித்துச் சொட்டவிடுபவற்றுக்கு அதுவும் வராது.

ஜனவரி 14, ஞாயிறு. போகி.

டியூஷன் காலத்து நோட்டுகளைக் கட்டிப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். காலை பதினொன்றுக்கு மின்சாரம் போனது, பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே துணைமின்நிலையம்.

மாலையில் சமையலறை அலமாரிகளைத் துடைத்தேன். தாள் மாற்றினேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்.

பால் பொங்கியது. மகள் அலைபேசியில் முகம் காட்டினாள். ஏன் டல்லா இருக்கே என்றாள். வெயில் என்றேன். எதிர்வீட்டில் கரும்பு கொடுத்தார்கள்.

இரண்டு முறை செருப்பைப் போட்டுக் கழற்றினேன்.

ஜனவரி 16, செவ்வாய்

எட்டே முக்கால் பேருந்தில் போனேன். வாசல் காவலர் ஏழுமலை, "இன்னாம்மா, லீவுல வந்துக்கிற" என்றார். பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். பதினாலு, பதினைந்து இரண்டு நாளிலும் விலங்குக் கூடத்துக்கு யாரும் வந்ததாகப் பதிவு இல்லை.

வராந்தாவில் தள்ளுவண்டியை உருட்டினேன். விசில் சத்தம் வரவில்லை.

கதவைத் திறந்ததும் அந்தக் காற்று முகத்தில் அடித்தது. மூத்திரக் காரம் கண்ணைக் கரித்தது. வெப்பமானியில் 34. குளிர்சாதனம் நின்றிருந்தது. உயிரோடு இருந்தவை கூண்டுத் தரையில் பரந்து படுத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சில தலையைக்கூடத் திருப்பவில்லை.

அட்டையைப் பார்த்தேன். இருந்தது. பதினாறாம் தேதி, 21 டிகிரி, நலம். அதன் பின்னால் பதினேழாம் தேதி, 22 டிகிரி, நலம், கையெழுத்து.

வாசலுக்குப் போய் ஏழுமலையை அழைத்து வந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பதினேழாம் தேதிப் பக்கத்தைக் காட்டி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். பதினாறு என்றார். பக்கத்தின் ஓரத்தில் 'ஜனவரி 16, காலை 9.10, இப்பக்கம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டு, அவரையும் போடச் சொன்னேன்.

"எனுக்கு எதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு? பெரிய எடத்து வெவகாரம்" என்றார்.

"நீங்க பாத்ததுக்குத்தானே கையெழுத்து. பாக்காததுக்கா போடச் சொல்றேன்?"

அதை யோசித்தார். வெப்பமானியையும் காட்டினேன், அதையும் எழுதினேன். பக்கங்களை எடுத்துக்கொண்டு அவரைக் காவலர் அறைக்குக் கூட்டிப்போய், அவர் அலைபேசியிலும் படம் எடுக்கச் செய்தேன். அவருக்கு ஃபிளாஷை அணைக்கத் தெரியவில்லை, அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

9.35க்குக் குளிர்சாதனத்தின் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு மாலை ஆறுவரை உட்காரவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றின் கடைவாயிலும் சொட்டு சொட்டாக விட்டேன். ஈரத் துணி போர்த்தினேன். பதினொன்று செத்திருந்தன, ஏழு சினை. 4-17 கூண்டில் தாய் போய்விட்டது, அந்த நாலு குட்டிகளும் அதன் வயிற்றின்மேல் ஏறி, அங்கே குளிர்ச்சி இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, படுத்திருந்தன. மாலைக்குள் அவற்றில் இரண்டு போயின. மொத்தம் பதிமூன்று.

ஜனவரி 17, புதன்

காலை ஏழிலிருந்து அங்கேதான். தண்ணீர், கீரை, எடை. இன்னொன்று போகும் என்று நினைத்தேன், நிமிர்ந்துவிட்டது. அவன் வரவில்லை.

ஜனவரி 18, வியாழன்

விடுமுறை முடிந்தது. அவன் பத்து மணிக்கு வந்து நான்காம் அறையைப் பார்த்தான். முகம் வெளுத்ததை முகக்கவசத்துக்கு மேலேயே பார்க்க முடிந்தது. நான் ஒரு மூலையில் எடை எழுதிக்கொண்டிருந்தேன். அட்டை காலியாக இருந்தது. பக்கங்கள் நாலும் என் பையில்.

பன்னிரண்டு மணிக்குள் சுதாரித்துவிட்டான். அட்டவணைப்படி பொறுப்பு நூர்ஜஹானுடையது, அவள் சொல்லாமல் போய்விட்டாள் என்று அவளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். அவள் மருதாணிக் கையில் அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார்தானேக்கா போன்னு சொன்னாரு. நீங்க சொல்லுங்க, நான் உங்ககிட்ட சொன்னேன்ல?" சொன்னாய் என்றேன்.

பக்கங்களை அப்போதே கொடுத்திருக்கலாம். அந்த நாலு நாளும் தான் என்ன செய்தான் என்று அவன் இன்னும் எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒரு நாள் பொறுப்பது நல்லது.

ஜனவரி 19, வெள்ளி

எழுத்தில் தந்துவிட்டான். பதினாலு, பதினைந்து இரு நாளும் தான் நேரில் வந்து பார்த்ததாகவும், அப்போது எல்லாம் நலமாக இருந்ததாகவும், பதினாறாம் தேதி வர வேண்டிய ஊழியர் வராததே காரணம் என்றும். அறிக்கையில் கையெழுத்து, முத்திரை.

நூர்ஜஹான் இரவெல்லாம் தூங்கவில்லையாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம், வேலையில் ஏதோ திருட்டுக் கேஸா என்று.

மூன்று மணிக்கு, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் வெளி உறுப்பினரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் படித்தார். பதினேழாம் தேதிப் பக்கம், ஓரத்தில் பதினாறாம் தேதிச் சாட்சி. வாசல் பதிவேட்டின் நகல். பிறகு இயக்குநரின் அறிக்கை. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் இருந்த தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரத்தை நான் இருபத்தைந்து வருடம் கற்பனை செய்திருக்கிறேன். கற்பனையில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

நூர்ஜஹானுக்குக் கொடுத்த நோட்டீஸ் ரத்து. அவனை விசாரணை முடியும்வரை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஒரு டப்பா நிறைய மக்கன் பேடா கொண்டுவந்தாள். அவள் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். "நீங்க மட்டும் அன்னிக்கி போகலைன்னா அறுபத்திநாலும் போயிருக்கும்க்கா. என் பொழப்பும் போயிருக்கும்." கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

பேடாவை இன்னும் பிரிக்கவில்லை.

ஜனவரி 25, வியாழன்

விசாரணை. முதல் மாடிக் கூட்ட அறை. அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் எதிரெதிர் நாற்காலிகள். முகக்கவசம் இல்லாமல் என்னை இன்றுதான் பார்த்தான். முதலில் சாதாரணமாக. பிறகு மறுபடி.

"திலகவதி" என்றான். "எம்.ஃபில். திலகா."

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சுவான் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுவதுபோல இருந்தான்.

"பதிமூணாந்தேதி நான் அதை எழுதறப்ப நீதானே தொட்டிகிட்ட நின்னே?"

மடியில் இருந்த பையை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

"பதினாலாந்தேதி காலைல வந்திருந்தாலும் இதே பேப்பர் அங்க இருந்திருக்கும். பதினஞ்சு, பதினாறு, பதினேழு, மூணு பக்கமும் இருந்திருக்கும். நான் அப்பவே முடிஞ்சிருப்பேன். ஒண்ணுகூடச் செத்திருக்காது." குரல் தாழ்ந்தே இருந்தது. "ரெண்டு நாள் எதுக்குத் திலகா காத்துக்கிட்டிருந்தே?"

அவன் கண்ணில் கோபம் இல்லை. எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. ஒருவருக்கொருவர் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல.

உள்ளே அழைத்தார்கள். ஐந்து பேர். என்னை உட்காரச் சொன்னார்கள். பேராசிரியை ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். கடைசியில், "இந்தப் பக்கங்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருப்பதை நீங்கள் முதன்முதலாக எப்போது பார்த்தீர்கள்?" என்றார்.

அவன் மேசையின் மறுமுனையில் இருந்தான். என்னையே பார்த்தான். நான் தேதியைத் தள்ளிச் சொன்னால், இல்லை என்று அவன் சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டுமென்றால், பதிமூன்றாம் தேதி மாலை நாலரைக்குத் தான் அதை எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினேழாம் தேதிப் பக்கத்தைத் தேதி குழம்பி நிரப்பிவிட்டதாக இன்னும் சாதித்துக்கொண்டிருக்கிறான், அதை அவனால் விட முடியாது. அதையும் நான் முன்பே யோசித்திருந்தேன்.

"பதினாறாம் தேதி காலை, ஒன்பது பத்துக்கு" என்றேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. அவன் என்னிடமிருந்து கண்ணை எடுத்து, தன் அறிக்கையின் நகலைப் புரட்டினான்.

பேராசிரியை எனக்கு நன்றி சொன்னார். உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் என்று ஏதோ தொடங்கினார். முழுதும் காதில் விழவில்லை. அச்செடுத்த வாக்குமூலத்தை, அவன் நிரப்பிய நாலு பக்கங்களுக்கு மேல் வைத்து ஒன்றாகப் பின் போட்டு என் பக்கம் நகர்த்தினார்கள். மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே கையெழுத்திட்டேன்.